மலையூரில் இருக்கும் கிராஃபிக் டிசைன் மாணவர் தொழில் தொடர்புகளை எப்படி உருவாக்கிக்கொள்வது?

கொடைக்கானலில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் பருவம்தோறும் எழுதச் சொல்லும் சுயமதிப்பீட்டுக் குறிப்பு வெட்டிவேலை என்றும், அறிமுகங்கள் எல்லாம் சென்னை, பெங்களூர் மாணவர்களுக்கே கிடைக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரு காலத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் குன்னூர். "கீழே" கோயம்புத்தூரில் இறுதியாண்டு படிக்கிறேன். வார இறுதியில் மலையேறி வீட்டுக்கு வந்துவிடுவேன்.

முதலாண்டில் தொடர்பு என்றால் விசிட்டிங் கார்டு என்று நினைத்தேன். அதற்கு எழுத்துரு தேர்ந்தெடுக்க மட்டும் இரண்டு வாரம். நூறு கார்டு அடித்து, மே மாதம் சிம்ஸ் பூங்காவில் நடக்கும் பழக்கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு போனேன். பழங்களால் செய்த உருவங்களோடு படம் எடுக்க முண்டியடிக்கும் கூட்டத்தில், கடை போட்டிருந்தவர்களிடம் ஒவ்வொன்றாக நீட்டினேன். ஒருவர்கூட அழைக்கவில்லை. பிறகு லிங்க்ட்இன். "வணக்கம், ஆர்வமுள்ள வடிவமைப்பு மாணவி, உங்களோடு இணைய விரும்புகிறேன்" என்று அறுபது பேருக்கு அனுப்பினேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். அதில் இரண்டு, கட்டைவிரல் படம்.

அந்தப் பருவத்துச் சுயமதிப்பீட்டில் "கற்பனைத் திறன் என் பலம், நேர மேலாண்மையில் இன்னும் முன்னேற வேண்டும்" என்று எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். மாட்டிக்கொள்ளாத குறையாகப் பார்த்து ஒப்புக்கொள்வது ஒரு தனிக்கலை.

இரண்டாம் ஆண்டில்தான் உண்மையான வேலை ஒன்று வந்தது. அப்பாவுக்குத் தெரிந்த பேக்கரிக்காரர் வர்க்கி போட்டுக் கொடுக்க உறை கேட்டார். தமிழகம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். நீலகிரியில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கெடுபிடி உண்டு. ஆகவே எங்கள் ஊரில் உறை என்றால் பிரவுன் கவர்தான். திரையில் அழகான வெள்ளைப் பின்னணியில் இளம்பச்சைத் தேயிலைச் சரிவு, அதன்மேல் வெள்ளை எழுத்தில் கடைப் பெயர், கீழே அதே இளம்பச்சையில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் என்று வரைந்தேன். இரண்டாயிரம் உறைகள் அடித்து வந்தன. பிரித்துப் பார்த்தால், பச்சை பாசி படிந்த சுவர்போல இருந்தது. வெள்ளை எழுத்து முழுக்கக் காகிதத்தின் பழுப்பு. சைவக் குறியின் பச்சைப் புள்ளி சேற்றுநிறம். உரிம எண்ணை வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் படிக்க முடியவில்லை, குன்னூரில் வெயில் வந்தால்தானே அதுவும்!

பேக்கரிக்காரர் திட்டவில்லை. "இது போதும்மா, வர்க்கியைத்தானே தின்னப் போகிறார்கள்" என்றார். அவர் திட்டியிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பேன். உரிம எண்ணும் சைவக் குறியும் தெளிவாக இருந்தாக வேண்டும் என்பதால், ஸ்டிக்கர் அடித்து வந்து அம்மா, தம்பி, நான் மூவரும் இரண்டு இரவு உட்கார்ந்து இரண்டாயிரம் உறையிலும் ஒட்டினோம். ஐந்நூறைத் தாண்டியதும் தம்பி எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

மறுவாரம் உறை அடித்த அச்சகத்துக்கே போனேன். சண்டை போட அல்ல, அவர்கள்மேல் தவறில்லை. என்ன நடந்தது என்று புரியவில்லை, அவ்வளவுதான். இயந்திரத்தில் நின்ற பெரியவர் கை மையைத் துடைத்தபடியே சொன்னார்: "கம்ப்யூட்டரில் வெள்ளை ஒரு நிறம் அம்மிணி. இங்கே வெள்ளை என்றால் காகிதம்." நான்கு வண்ண அச்சில் இருப்பவை நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகள் மட்டுமே. நான்கில் எதுவும் விழாத இடம்தான் நாம் பார்க்கும் வெள்ளை. கறுப்பைத் தவிர்த்த மூன்றும் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் மைகள், அடியில் இருக்கும் காகிதத்தின் நிறத்தோடு கலந்துதான் தெரியும். பாடத்தில் இதைப் படித்து, தேர்விலும் எழுதியிருக்கிறேன். பழுப்புக் காகிதத்தோடு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவே இல்லை. அன்று மாலை வரை அங்கேயே நின்றேன். பெரியவர் கழிவுத் தாள்களில் எதையெதையோ காட்டிக்கொண்டே இருந்தார். கல்லூரிக்கு வெளியே எனக்குக் கிடைத்த முதல் தொழில் தொடர்பு அவர்தான். ஆனால் அப்போது அதற்கு அப்படி ஒரு பெயர் உண்டென்று தெரியாது.

அந்தப் பருவத்துக் குறிப்பை வேறு மாதிரி எழுதினேன். பலம், பலவீனம் என்ற தலைப்புகளை விட்டுவிட்டு, என் வேலைகளை எண்ணினேன். தொகுப்பில் 14 வேலைகள். ஒன்பது, எங்குமே இல்லாத காபிக் கடைகளுக்கான லோகோக்கள். தமிழ் எழுத்து இருப்பது ஒன்றில். அச்சுக்குப் போனதும் ஒன்றுதான், அந்த உறை. அடுத்து, எனக்குத் தெரியாதவற்றைக் கேள்விகளாக எழுதினேன். பழுப்புக் காகிதத்தில் வெள்ளையை எப்படிக் கொண்டுவருவது? வேலைக்கு விலை எப்படிச் சொல்வது? தவறு நடந்தால் செலவு யாருடையது? ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும், இதற்குப் பதில் தெரிந்தவர் யாராக இருக்கும் என்று ஒரு வரி. யாரைத் தேடிப் போக வேண்டும் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் வெட்டிவேலை என்று சொல்லும் குறிப்புதான் அது.

சென்னையில் உணவுப் பொருள் உறைகள் வடிவமைக்கும் ஒருவருக்கு, பாழாய்ப்போன உறையின் படத்தை அனுப்பினேன். "வெள்ளை வராது என்று இப்போது புரிகிறது. அடுத்த முறை ஒரே அடர்நிற மையில் வரைவதா, வெள்ளைக்கு வேறு வழி உண்டா?" என்று மட்டும் கேட்டேன். அன்று இரவே பதில் வந்தது. ஒளி ஊடுருவாத வெள்ளை மையை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போடலாம், செலவு கூடும், சின்னக் கடை என்றால் ஒரே அடர்நிறமே நல்லது என்று விளக்கி, தான் பாழாக்கிய உறை ஒன்றின் படத்தையும் இணைத்திருந்தார். நல்ல வேலைகளைக் காட்டி எழுதியபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கைதான். ஒன்று சொல்லிவிடுகிறேன், பதில் வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டாவது உறை அடித்து வந்ததும் அவருக்கும் அச்சகத்துப் பெரியவருக்கும் காட்டினேன். பிறகு அந்தச் சென்னை வடிவமைப்பாளர் தானாகவே, தமிழில் லேபிள் தேவைப்பட்ட இருவரிடம் என் எண்ணைக் கொடுத்தார்.

அந்த வேலைகள் எனக்கு வந்த காரணம் சிறியது. வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரை அதன் வழக்கமான அமைப்பில் வைத்துத் தமிழை ஒட்டினால், "கோத்தகிரி"யின் கொம்பு "க"வுக்குப் பின்னால் போய் நிற்கும். இந்திய மொழிகளுக்கான வசதியை இயக்கி, எழுத்துகளை வரியில் அடுக்கும் கம்போசர் என்ற அமைப்பைத் தெற்காசிய வகைக்கு மாற்றினால் சரியாகிவிடும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றினால் அங்கே உடையாது. பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன, அதற்கும் யூனிகோடுக்கும் இடையே மாற்றத் தெரிந்திருந்தால் உங்களை மறக்கமாட்டார்கள்.

இல்லாத காபிக் கடைகளை நீக்கிவிட்டு, குன்னூர்க் கடைத்தெருவின் பழைய பெயர்ப் பலகைகளைப் படமெடுத்துப் போட ஆரம்பித்தேன். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய, தும்பிக்கை தூக்கிய "லை" எழுதிய பலகை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுத்துரு உருவாக்கும் இருவர் என்னோடு பேச ஆரம்பித்தார்கள்.

மலையில் இருப்பதால் வரும் தொல்லைகள் உண்மைதான். ஐப்பசி மழையில் மண்சரிந்து பாதை அடைபட்டால் அச்சுப் படி பார்க்கக் கீழே இறங்க முடியாது, மின்சாரமும் போகும். வேலை வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன். கடைசி நாளில் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். ஆனால் உங்கள் ஊர் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை விற்பவர்களில் எத்தனை பேரிடம் ஒழுங்கான உறை இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். சென்னை மாணவர் அதற்கு ஒரு இரவு பஸ் ஏற வேண்டும்.

கார்டு அடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். என்னுடையதில் நாற்பது இன்னும் மிச்சம். அம்மா பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதி வருகிறார். காகிதம் நல்ல தரம் என்கிறார்.