குலை லோரிக்கு பிரேக் லைனிங் மாற்றவேண்டும், கடையில் மூன்று விலை சொல்கிறார்கள். எதை வாங்குவது?

தம்பி, நீங்கள் கொடுத்த விவரம் இது: ஆறு சக்கர ஹினோ, ஜப்பானில் ஓடிவிட்டு வந்த ரீகண்டிஷன் வண்டி. வாரத்தில் பாதி நாள் தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை. மீதி நாள் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு உரம் ஏற்றிப் போய், காய்கறியோடு இறங்குகிறீர்கள். பின் சக்கர லைனிங், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்முகத்தை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் உராய்வுப் பட்டை, தேய்ந்துவிட்டது. கடையில் ஒரிஜினல் ஒரு விலை, அதற்கு அடுத்தது ஒரு விலை, பெயரே கேள்விப்படாத, குறி எதுவும் இல்லாத ஒன்று பாதி விலை.

நான் பீடோரில் லோரிப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்களைப் போல ஓட்டுகிறவர்களின் வண்டிதான் எனக்குத் தினமும் வேலை. என் பதில் ஒன்றுதான்: சூட்டில் பிடிக்கிற லைனிங்கை வாங்குங்கள். ஆறிய நிலையில் எல்லா லைனிங்கும் பிடிக்கும், பாதி விலைச் சரக்கும் பிடிக்கும். பட்டறை வாசலில் பத்து அடி ஓட்டி மிதித்துப் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பகோம் போன்ற வண்டிச் சோதனை மையத்தில் சக்கரத்தை ரோலரில் ஏற்றிப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை அவசியம், இடது வலது சமமாகப் பிடிக்கிறதா என்று அதில் நன்றாகவே தெரியும். ஆனால் அங்கேயும் டிரம் ஆறித்தான் இருக்கும். முழு லோடோடு அரை மணி நேரம் மலை இறங்கிய பிறகு அதே லைனிங் என்ன செய்யும் என்று ரோலர் சொல்லாது.

அந்தச் சூடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம், தாப்பா அடிவாரத்தில் இருக்கிறது. 16 டன் எடை தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது வெளிவரும் சக்தி, சுமார் 700 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதில் ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைக்காமல், எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போடாமல் காலை மட்டும் நம்பி இறங்கினால் மீதி எல்லாம் டிரம்முக்கும் லைனிங்குக்கும்தான். லைனிங்கைக் கட்டிப் பிடித்திருப்பது ஒரு வகைப் பிசின். அது அளவுக்கு மீறிச் சூடானால் கருகி வாயு விடும், மேல்பரப்பு கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். அதே நேரம் டிரம்மும் சூட்டில் விரியும். 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விரிந்துவிடும். லைனிங் அந்தத் தூரத்தையும் துரத்திப் போய்ப் பிடிக்கவேண்டும். மிதி ஆழமாகப் போகிறதே, வண்டி நிற்கவில்லையே என்று ஓட்டுநர் பதறுவது இந்த இரண்டும் சேரும்போதுதான்.

சரி, எது சூட்டில் பிடிக்கும் என்று கடையில் நின்றுகொண்டே எப்படிக் கண்டுபிடிப்பது? லைனிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கவாட்டைப் பாருங்கள். அமெரிக்க முறைப்படி குறி போட்ட சரக்காக இருந்தால், நீளமான எண்ணின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிப்பு, இரண்டாவது எழுத்து கடும் சூட்டில் பிடிப்பு. ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ‘எஃப் ஈ’ என்று இருந்தால் சூடானதும் பிடிப்பு இறங்குகிறது என்று அர்த்தம். ‘எஃப் எஃப்’ என்றால் அதே வரம்புக்குள் நிற்கிறது. இது ஒரு சின்னத் துண்டை வெட்டி வைத்துச் செய்கிற சோதனை, அதனால் லைனிங் எத்தனை மாதம் உழைக்கும் என்று அதில் தெரியாது. ஆனாலும் எழுத்தே இல்லாத சரக்கைவிட எழுத்துள்ள சரக்கு எவ்வளவோ மேல். இன்னொரு குறி, வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும். ஐ.நா. ஒழுங்குமுறை 90இன்படி சோதித்த மாற்று லைனிங்குக்கு அது உண்டு, பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். வட்டத்துக்குள் 1 என்றால் ஜெர்மனியும் 43 என்றால் ஜப்பானும் 52 என்றால் மலேசியாவும் அனுமதி கொடுத்தது என்று பொருள்.

உங்கள் வேலைக்கு நான் ‘எஃப் எஃப்’ போடச் சொல்வேன். குலை மட்டும் ஏற்றி மேட்டுப் பள்ளத்தில் மெதுவாக ஓடும் வண்டியாக இருந்தால் ஒரு படி குறைந்தாலும் தாங்கும். மலைக்குப் போகிற வண்டிக்கு இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிட இறங்கவே கூடாது. அதற்காக ‘ஜி ஜி’தான் உசத்தி என்று ஓடாதீர்கள். வெறும் வண்டியோடு தோட்டத்துச் செம்மண் சாலையில் மழையில் மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், டிரம்மையும் சீக்கிரம் தின்னக்கூடும். அப்புறம் முன் ஆக்ஸிலில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். முன்னே மெதுவானதும் பின்னே கடுமையானதும் போட்டால் பின் ஆக்ஸில் மட்டும் எல்லா வேலையும் செய்து தனியாகச் சூடேறும்.

ஒரு ஆக்ஸிலில் இடது வலது இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும். இதில் பேரம் கிடையாது. போன மழைக்காலத்தில் ஒரு காய்கறி லோரி வந்தது, மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றார் அதை ஓட்டிவந்த அண்ணன். டிரம்மைக் கழற்றினோம். இடது பக்கம் புது லைனிங், பழுப்பு நிறம் கூட மாறவில்லை. வலது பக்கம் பழையது, விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது, டிரம்முக்குள் நீலநிறத் திட்டுகள், மயிரிழை போல வெடிப்புகள். வேறு ஏதோ பட்டறையில், ஹப் சீல் (சக்கர நடுவிலுள்ள கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) ஒழுகிய பக்கத்துக்கு மட்டும் லைனிங் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். காசு மிச்சம் என்று அவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த நிலையில் அவர் ரிங்லெட் வளைவுகளில் இறங்கி வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

அளவு விஷயத்துக்கு வருவோம். ரீகண்டிஷன் வண்டிக்கு மாடல் பெயரைச் சொல்லி லைனிங் கேட்பது ஆபத்து. சேஸிஸ் ஒரு வருடம், ஆக்ஸில் வேறு வண்டியிலிருந்து வந்தது என்று இங்கே எத்தனையோ பார்க்கிறோம். பழைய பிரேக் சூவையே (லைனிங் ஆணியடித்திருக்கும் வளைந்த இரும்பு) கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். அகலம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கையும் வரிசையும் எல்லாம் ஒத்துப்போகவேண்டும். டிரம்மின் உள்விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும். அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு நல்ல லைனிங் போட்டாலும் வீண், டிரம்மை மாற்றித்தான் ஆகவேண்டும். வரம்புக்குள் கடைந்த டிரம்மாக இருந்தால் அதற்கென்று தடிமன் கூடிய லைனிங் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தடிமனைப் போட்டால் நடுவில் மட்டும் தொட்டு ஓரம் தொடாமல் நிற்கும்.  

லைனிங்கை மட்டும் வாங்கிப் பழைய சூவில் அடிப்பதாக இருந்தால், அடிக்கிற ஆளும் லைனிங் அளவுக்கு முக்கியம். சூவின் முகத்தில் துரு இருந்தால் முழுக்கச் சுரண்டி எடுக்கவேண்டும். துரு மேல் அடித்தால் நாளாக நாளாக அது வீங்கி லைனிங்கைத் தூக்கி உடைத்துவிடும். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகும் வரிசையில் ஆணி அடிக்கவேண்டும். அடித்து முடித்ததும் சூவுக்கும் லைனிங்குக்கும் இடையில் 0.25 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு நுழையக்கூடாது. பக்கத்தில் நின்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், நல்ல போர்மன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தோட்ட வண்டிக்கு இன்னொரு தொல்லை மண். மழைக்குப் பிறகு செம்மண் சேறு டிரம்முக்குள் போய்க் காய்ந்து உப்புத்தாள் போல அறுக்கும். டிரம்மின் பின்பக்கத்தை மூடும் தகடு கிழிந்திருந்தால் லைனிங் மாற்றும்போதே அதையும் போட்டுவிடுங்கள். ஹப் சீல், ரிட்டர்ன் ஸ்பிரிங், எஸ் கேம் (சூவை விரித்துத் தள்ளும் தண்டு) புஷ், ஸ்லாக் அட்ஜஸ்டர் (லைனிங் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் கை) இவற்றையும் அப்போதே பார்ப்பது நல்லது. கிரீஸ் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுகிறார்கள், அது வேண்டாம். ஊறினது உள்ளேயே இருக்கும், சூடானதும் மேலே வரும்.

டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றுக் குழாயால் ஊதவிடாதீர்கள். பழைய ஜப்பான் வண்டியில் எந்தக் காலத்து லைனிங் இருக்கிறதோ, ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாகவும் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்குவதில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று பெட்டியில் எழுதியிருக்கவேண்டும்.

விலை மூன்றில் எது என்றால், நடு விலைச் சரக்கில் இரண்டு எழுத்தும் வட்டத்துக்குள் ஈ குறியும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் தெளிவாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒரிஜினல்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரிஜினல் பெட்டியில் வருவதையும் திறந்து பாருங்கள், பெட்டி அச்சடிப்பது பெரிய வேலையில்லை. உள்ளே எழுத்து மங்கி, தொகுதி எண் இல்லாமல், ஒரே செட்டில் துண்டுக்குத் துண்டு நிறம் மாறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாதி விலைச் சரக்கில் குறி எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிடுங்கள்.

மாற்றிய உடனே மலைக்குப் போகவேண்டாம். முதல் சில நாட்கள் ஆலை ஓட்டத்துக்கு மட்டும் எடுங்கள், பாதி லோடு போதும். 60 வேகத்திலிருந்து 20க்கு மெதுவாக மிதித்துக் குறைத்து, கொஞ்ச தூரம் ஆறவிட்டு மறுபடி மிதியுங்கள், லைனிங் டிரம்மோடு படிந்து வரும். கையால் திருப்புகிற ஸ்லாக்காக இருந்தால் அந்த வாரக் கடைசியில் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். கேமரன் பக்கம் முதல் இறக்கம் முடிந்து தாப்பாவில் நிறுத்தும்போது, நாலு பக்கமும் டிரம்முக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சூடு அடித்தால், அடுத்த லோடு ஏற்றும் முன் அந்தச் சக்கரத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.