நோர்வே மலை ஏரியில் பனிக்கட்டித் தூண்டில்: நண்பன் கூப்பிடுகிறான், போகலாமா?

கேள்வி: நானும் பள்ளித் தோழர்கள் இருவரும் ஜனவரிக் கடைசியில் நோர்வே போகிறோம். ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் நான்காவது நண்பன் மலை ஏரியொன்றின் கரையில் மரக்குடில் வாடகைக்கு எடுத்திருக்கிறான். உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டில் போடுவதுதான் திட்டம். அது மின்சாரத்துக்காக அணை கட்டிய ஏரியாம். "பனிக்கட்டி தடிப்பாகத்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை" என்கிறான். நாங்கள் மூவரும் கடற்கரைப் பிள்ளைகள். நன்றாக நீந்துவோம், தூண்டில் சிறுவயதுப் பழக்கம். இங்கிருந்து என்ன உடுப்பு வாங்க வேண்டும்? எங்கள் தூண்டிலும் தங்கூசியும் கொண்டுபோகலாமா? அனுமதி ஏதும் தேவையா? (பருத்தித்துறை வாசகர்)

பதில்:

போங்கள், தம்பி. ஆனால் இரண்டை மாற்றிக்கொண்டு போங்கள்: மாதத்தையும் ஏரியையும். உடுப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி: "மின்சாரத்துக்காக அணை கட்டிய ஏரி".

நோர்வேயின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்து வருகிறது. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் நிரம்பிய மலை ஏரிகளைக் குளிர்காலம் முழுவதும் திறந்துவிட்டுத்தான் வீடுகளைச் சூடாக வைத்திருக்கிறார்கள். மேலே பனிக்கட்டி உறைந்த பிறகும் கீழே நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும். நடு ஏரியில் கட்டியும் நீரோடு சேர்ந்து இறங்கிவிடும். கரையோரத்திலோ அது பாறைகளில் தொங்கி, வளைந்து, வெடித்துக் கிடக்கும். அடியில் நீரும் இல்லாத வெறும் பொந்து. மேலே வெண்பனி மூடிவிட்டால் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. மின்நிலையத்துக்கு நீரை இழுக்கும் வாயருகிலும், மேல் ஏரியிலிருந்து நீர் வந்து விழும் இடத்திலும் கட்டி குளிர்காலம் முழுவதும் மெல்லியதாகவே இருக்கலாம். எந்த நாளில் எவ்வளவு நீர் இழுக்கிறார்கள் என்பது ஒஸ்லோவில் வேலை பார்க்கும் உங்கள் நண்பனுக்குத் தெரிய வழியில்லை. நோர்வேயின் நீர்வள, எரிசக்தி இயக்ககம் இத்தகைய ஏரிகளில் பனிக்கட்டி பலவீனமாகும் இடங்களை வரைபடமாக வெளியிட்டிருக்கிறது. பனிக்கட்டி நிலைமையையும் பனிச்சரிவு ஆபத்தையும் அறிவிக்கும் 'வர்ஸொம்' சேவையும் அவர்களுடையதுதான். அவற்றைப் பார்த்து, அணை இல்லாத இயற்கை ஏரி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதன்முதலாகப் போகிறவர்களுக்கு மின்சார ஏரி வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இனி மாதம். ஜனவரிக் கடைசியில் தென் நோர்வேயில் பகல் ஏழெட்டு மணிநேரம்தான். மார்ச் கடைசியில் அது பன்னிரண்டு மணிநேரத்தைத் தாண்டிவிடும். நோர்வேக்காரர்களே பெருவாரியாக மலை ஏறுவது ஈஸ்டர் விடுமுறையில்தான். அப்போது மலைக் கட்டி தடித்து நிற்கும், வெயில் முகத்தில் படும், பனிக்கால நடைவழிகளுக்குக் கிளைகள் நட்டு அடையாளம் வைத்திருப்பார்கள். டிக்கெட்டை மாற்ற முடியாது என்றால் குடிலுக்கு மிக அருகிலுள்ள சிறிய ஏரியோடு நிறுத்திக்கொண்டு, பிற்பகல் இரண்டு மணிக்கே கருவிகளைக் கட்டிவிடுங்கள்.

"தடிப்பாகத்தான் இருக்கும்" என்பதை அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. ஒருவர் நடந்து போகக் குறைந்தது 10 சென்டிமீற்றர் கெட்டியான தெளிந்த கட்டி வேண்டும் என்பது நோர்வே வழக்கம். கனடாவின் செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது. நீங்கள் நால்வர், கூடவே சுமையும் உண்டு, 15ஐயே பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே 'தெளிந்த' என்ற சொல் முக்கியம். கருநீலமாக, அடியில் இருப்பது தெரியும்படி உறைந்த கட்டிதான் உரமானது. வெண்பனி நனைந்து உறைந்த பால்வெள்ளைக் கட்டிக்கு அதில் பாதி வலிமைதான். கரையிலிருந்து இறங்கியதும் முதல் துளை, பிறகு சில அடிகளுக்கு ஒரு துளை என்று அளந்துகொண்டே போங்கள். ஆறு விழும் வாய், ஏரி வடியும் வாய், இரு கரையும் நெருங்கும் ஒடுக்கம், நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, நாணல் நிற்கும் இடம் ஆகியவை நடு ஏரி உரமாக இருக்கும் நாளிலும் ஏமாற்றும்.

வெண்பனியின் பாரம் கட்டியை அமுக்கும்போது வெடிப்புகளின் வழியே நீர் மேலேறி, வெண்பனிக்கு அடியில் சேறுபோல் நிற்பதும் உண்டு. அதில் கால் விட்டால் மூழ்கமாட்டீர்கள். ஆனால் சப்பாத்து நனைந்துவிட்டால் அன்றைய மீன்பிடி முடிந்தது. நேரே குடிலுக்குத் திரும்ப வேண்டும்.

நன்றாக நீந்துவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பருத்தித்துறையில் வள்ளத்திலிருந்து விழுந்தவன் நீந்திக் கரையேறுவான். அங்கே நீர் வெதுவெதுப்பானது. கட்டிக்கு அடியில் இருக்கும் நீரோ 0 பாகைக்கும் 4 பாகைக்கும் இடையில். விழுந்த கணத்திலேயே நெஞ்சு தானாக மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் வாய் நீருக்குள் இருந்தால் நல்ல நீச்சல்காரனும் முடிந்தான். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் மனித உடல் படும் பாட்டை ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1: திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணிநேரம். விழுந்ததும் பதறிக் கைகால் அடிக்காமல் முதலில் மூச்சை நிலைப்படுத்துங்கள். பிறகு நீங்கள் வந்த திசைக்கே திரும்புங்கள், ஏனென்றால் அந்தக் கட்டிதான் இதுவரை உங்களைத் தாங்கியது. கழுத்தில் மாட்டியிருக்கும் ஆணிப்பிடி (கூர் ஆணி பதித்த கைப்பிடி) இரண்டையும் கட்டியில் குத்தி, காலை மீன்வால்போல் உதைத்து, வயிற்றால் வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

அந்த ஆணிப்பிடியை அங்கே 'இஸ்பிகர்' என்பார்கள். ஆளுக்கு ஒரு சோடி, மேலங்கிக்கு வெளியே, கழுத்தில் இருக்க வேண்டும். பைக்குள் இருந்தால் பயனில்லை. எறிகயிறும் ஆளுக்கு ஒன்று. மாற்று உடுப்பை நீர்புகாத பைகளில் இறுகக் கட்டி முதுகுப்பையில் வையுங்கள். விழுந்தால் அது மிதக்கவும் உதவும். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் ஓடிப் போகக் கூடாது. தூரத்திலேயே படுத்துக்கொண்டு கயிறு எறிய வேண்டும். வெளியே எடுத்தவரைக் கிடத்தி, நனைந்ததைக் கழற்றி, உலர்ந்ததைச் சுற்றி, காற்று படாமல் மறையுங்கள். கைகாலைத் தேய்க்கவோ சாராயம் கொடுக்கவோ கூடாது. நோர்வேயில் அம்புலன்ஸுக்கு 113, மலையில் தேடல் மீட்புக்கு 112. குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவில் சாகும். அதை உள்சட்டைக்குள், உடலோடு ஒட்டி வையுங்கள்.

நண்பர்கள் சேர்ந்து போகும் பயணத்துக்கென்றே தனியாக ஒரு ஆபத்து உண்டு. ஒருவனுக்குப் பெரிய மீன் கொத்தியதும் நால்வரும் ஒரே துளையைச் சுற்றி வந்து நிற்பார்கள். தள்ளி நின்று பாருங்கள். அதைவிடப் பெரியது, திரும்பிப் போவோம் என்று முதலில் சொல்ல யாருக்கும் வாய் வராததுதான். வடமராட்சிக் கடலோடிகளிடம் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது: தோணியில் தண்டையல் (தோணித் தலைவர்) ஒருவர்தான், அவர் திருப்பச் சொன்னால் பேச்சில்லை. கரையிலேயே உங்களுக்குள் ஒரு தண்டையலைத் தீர்மானித்துவிடுங்கள், அவர் உங்களில் மிகவும் நிதானமானவராக இருக்கட்டும். நோர்வேக்காரர்களின் மலை விதிகள் ஒன்பதில் எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்கிறது. அந்த நாட்டில் பிறந்தவர்களுக்கே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: ஏரி தட்டையாக இருப்பதால் பனிச்சரிவு வராது என்று நினைக்காதீர்கள். 30 பாகைக்கு மேல் சரிந்த மலைப்பக்கத்திலிருந்து புறப்படும் சரிவு, தன் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரம் வரை பாய்ந்து ஏரிக்குள்ளும் வரும். செங்குத்தான பக்கத்தின் கீழே துளை போடாதீர்கள்.

இப்போது உடுப்பு. யாழ்ப்பாணத்தில் எதையும் வாங்காதீர்கள். வெளிநாடு போகிறவர்களுக்கென்று இங்கே விற்கும் பஞ்சு வைத்த மேலங்கி நகரத் தெருவுக்குச் சரி, காற்றடிக்கும் ஏரி நடுவில் மணிக்கணக்காக உட்காருவதற்குப் போதாது. தோலோடு ஒட்டிக் கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, அதற்கும் மேல் காற்றுப் புகாத அங்கி. பருத்தி உள்ளாடையும் ஜீன்ஸும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். -10 பாகையில் வினாடிக்கு 10 மீற்றர் காற்று வீசினால் தோலுக்கு அது -20. சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். விரல் அசைய இடமில்லாத சப்பாத்தில் இரண்டு காலுறை போட்டும் பயனில்லை. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறை சூடானது. உட்காரத் தடித்த விரிப்பு ஒன்று கட்டாயம். பல நகரங்களில் 'பூவா' என்ற இரவல் நிலையங்கள் இத்தகைய கருவிகளை இலவசமாகத் தருகின்றன. நண்பனை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

குளிர்ப்புண்ணைப் பற்றிய புத்தகங்கள் தோல் வெளுக்கும் என்கின்றன. நம் நிறத்தில் அது சாம்பல் படிந்ததுபோல் மங்கலாகவே தெரியும், சில வேளை தெரியவே தெரியாது. எனவே நிறத்தை நம்பாமல் உணர்வை நம்புங்கள். மூக்கு நுனி, காது, கன்னம், விரல் எதுவும் வலித்துப் பிறகு வலி நின்று மரத்துப்போனால், உடனே சூடான உள்ளங்கையால் பொத்துங்கள். தேய்க்காதீர்கள். கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ அடுப்போ கரியோ எரித்துக் குளிர் காயாதீர்கள்; அதன் நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

மீனுக்கு வருவோம். மலை ஏரியில் குளிர்காலத்தில் நம்பிக்கை தரும் மீன் 'ரோய' என்னும் ஆர்க்டிக் சார். குளிர்ந்த நீரிலும் சுறுசுறுப்பாக இரை தேடும். பழுப்பு நிற ட்ரவுட் மீனும் கிடைக்கும், ஆனால் அது இந்தக் காலத்தில் சோம்பல். நீர் 4 பாகையில்தான் மிகக் கனமானது. ஆகவே உறைந்த ஏரியில் மிகக் குளிர்ந்த நீர் மேலேயும் சற்றே சூடானது அடியிலும் இருக்கும். இரையை அடிவரை இறக்கி, ஒரு சாண் தூக்கி, மெல்ல நடுங்கவைத்து, நிறுத்துங்கள். கொத்து பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் வரும். கைத்தூண்டிலில் விரலால் கொத்தை உணரப் பழகிய உங்களுக்கு இது விரைவில் கைவரும். கால் மணிநேரம் அசைவில்லை என்றால் வேறு துளை. கட்டிமேல் விரிப்பில் குப்புறப் படுத்து, மேலங்கியால் தலையைப் போர்த்தி, துளைக்குள் பாருங்கள்: தெளிந்த நீரில் மீன் வந்து இரையை முகர்ந்து பார்ப்பது தெரியும். எனக்கு இந்த மீன்பிடியில் மிகப் பிடித்தது அதுதான்.

உங்கள் தங்கூசியை வீட்டில் விட்டுவிடுங்கள். கடலுக்கான தடிப்பு இங்கே மீனை விரட்டும், குளிரில் கம்பிபோல் விறைக்கும். 0.20 மில்லிமீற்றர் அளவில் மெல்லிய நூல், முழ நீளக் குட்டைக் கோல், சிறிய உலோக இரை, கடையில் விற்கும் வெள்ளைப் புழு போதும். உயிர்மீனை இரையாகப் போடுவது நோர்வேயில் சட்டப்படி குற்றம். வேறு நீரில் பயன்பட்ட கருவிகளை நன்றாக உலர்த்தாமலும் கிருமிநீக்காமலும் இறக்கக் கூடாது. சல்மன் மீன்களை அழிக்கும் ஒட்டுண்ணியொன்று அவர்களின் ஆறுகளில் பரவி அந்த நாடு பட்ட துன்பம் பெரிது.

அனுமதி கட்டாயம் தேவை. ஏரிக்கு ஏரி உரிமையாளர் உண்டு. நிலக்காரரோ மலைப்பகுதிச் சபையோ விற்கும் மீன்பிடிச் சீட்டை வாங்க வேண்டும். அதை இணையத்தில் வாங்கிவிட்டு இருந்துவிடாதீர்கள். விற்பவரோடு தொலைபேசியில் கதையுங்கள்: இந்தக் குளிர்காலத்தில் ஏரி எப்போது உறைந்தது, எந்த மூலை மோசம், போன வாரம் யார் போனார்கள் என்று கேளுங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சு நண்பனின் உறுதிமொழியைவிடப் பெறுமதியானது. 1956இல் நோர்வே போய், பிறகு காரைநகரில் படகுகள் கட்டிய சீநோர் நிறுவனத்தைத் தொடங்கிய அந்தோனி இராஜேந்திரம் காலத்திலிருந்து நமக்கும் அந்த நாட்டுக்கும் மீன் வழியாகவே உறவு. நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலைகளில் உழைத்த நம்மவர்கள் ஏராளம். ஆனாலும் அது கடல் மீன் அனுபவம். மலை ஏரியை அதன் கரையில் வாழ்கிறவர்தான் அறிவார்.

பிடித்த மீனை நன்றாகப் பொரித்தோ குழம்பில் கொதிக்கவைத்தோ சாப்பிடுங்கள். மலை ஏரி மீன்களில் நாடாப்புழுவின் குஞ்சுகள் இருப்பதுண்டு. பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ வேண்டாம்.

போய்ச் சேர்ந்த அன்று கட்டி சரியில்லை என்று தண்டையல் சொன்னால், மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும். நோர்வேயின் கடலில் கைத்தூண்டில் போட வெளிநாட்டவருக்கும் கட்டணமில்லை. மீனை விற்கக் கூடாது. ஒஸ்லோ ஃபியோர்டில் கொட் மீன் பிடிக்க 2019 முதல் தடை உண்டு, ஆகவே மேற்குக் கரைப்பக்கம் போங்கள். அங்கே உங்கள் கடல் பழக்கம் முழுதாக உதவும்.