பசியில்லாத நாட்களும் எடைக் குறைப்பும்

கேள்வி: எனக்கு வயது 34. எடை சற்று அதிகம் என்று மருத்துவர் சொன்னதால், சென்ற ஆண்டு உணவைக் கணக்குப் பார்த்து உண்ணவும் நாள்தோறும் நடக்கவும் தொடங்கினேன். இடையில் மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறியப்பட்டு, இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். பசி என்பதே எடுப்பதில்லை. காலையில் ஒரு காபி குடித்தால் மாலை வரை வேறு எதுவும் உள்ளே போகாது. இரவில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டுக் குற்ற உணர்வோடு படுக்கிறேன். ஆனாலும் எடை குறைந்துகொண்டே வருகிறது, பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். இந்தப் பசியின்மையையே நல்வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாமா? எடையையும் குறைத்துக்கொண்டு போதிய அளவு உண்பது எப்படி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் முயற்சியால் குறையும் எடை வேறு, நோயால் குறையும் எடை வேறு. பசியும் எடையும் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதை மனநல மருத்துவம் மனச்சோர்வின் அறிகுறிகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. உணவைக் குறைக்க முயலாத ஒருவரின் உடல் எடை ஒரே மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், 80 கிலோ உள்ளவருக்கு 4 கிலோ என்ற கணக்கில், மருத்துவர் அதைக் கவனத்தில் கொள்வார். காய்ச்சலில் கிடந்து இளைத்தவரை யாரும் பாராட்டுவதில்லை; உங்கள் நோய் வெளியே தெரியாததால் பாராட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

உணவு மிகவும் குறையும்போது கரைவது கொழுப்பு மட்டுமன்று, தசையும் சேர்ந்தே கரைகிறது. மனமும் தப்புவதில்லை. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், உடல்நலமும் மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட 36 இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாத காலம் வழக்கமான உணவில் பாதியளவே தரப்பட்டது. அவர்கள் எடையில் சுமார் கால்பங்கை இழந்ததோடு, சோர்ந்து, எரிச்சலடைந்து, பிறரோடு பழகுவதைக் குறைத்துக்கொண்டு, எந்நேரமும் உணவையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மனநிலையில் இருந்தவர்களையே குறையுணவு இப்படி ஆக்கியது என்றால், ஏற்கெனவே சோர்ந்திருக்கும் மனத்துக்கு அது என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. பகல் முழுவதும் பட்டினி கிடந்த உடல் இரவில் கேட்டு வாங்கிக்கொள்வதைத்தான் நீங்கள் உங்கள் மனவலிமைக் குறைவு என்று எண்ணி வருந்துகிறீர்கள். பகலில் உண்டால் அந்த இரவு வேட்கை பெரும்பாலும் தானாகவே தணியும்.

எனவே இப்போதைக்கு உங்கள் இலக்கு எடையைக் குறைப்பதன்று, ஒழுங்காக உண்பது. பசி எடுக்கட்டும் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்து உண்ணுங்கள். மூன்று வேளை உணவும் இடையில் ஒன்றிரண்டு சிற்றுணவுமாக, விழித்திருக்கும்போது நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாதபடி வைத்துக்கொண்டால் போதும். தட்டு நிறைய உணவைக் கண்டாலே சிலருக்கு வயிறு அடைத்துவிடும். சிறிய தட்டில் அரைப் பங்கு போதும், மீதியை ஒரு மணி நேரம் கழித்து உண்ணலாம். மெல்லவே அலுப்பாக இருக்கும் நாளில் பால், தயிர், பருப்பு சேர்த்த சூப் என்று குடிக்கக்கூடியவை கைகொடுக்கும். காபி பசியை மழுங்கடிக்கக்கூடும் என்பதால், அதை உணவுக்குப் பின்னர் குடியுங்கள்.

சமைப்பதற்கு எழுந்திருக்கவே முடியாத நாட்களும் இருக்கும். அந்த நாட்களுக்காகவே வேகவைத்த முட்டை, பழம், கொட்டைகள், தயிர் போன்ற அடுப்பைத் தொடத் தேவையில்லாதவற்றைக் கண்ணில் படும் இடத்தில் வைத்திருங்கள். கொஞ்சம் தெம்பாக இருக்கும் நாளில் இரண்டு மடங்காகச் சமைத்துப் பாதியைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். எதை முதலில் உண்பது என்று குழம்பினால், புரதம் உள்ளதை முதலில் உண்ணுங்கள். தசையைக் காப்பதற்கும், உண்ட நிறைவு நீடிப்பதற்கும் அதுவே பெரிதும் உதவும். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.) கடையில் வாங்கியதாயிற்றே, சத்துக் குறைவாயிற்றே என்ற கவலை மோசமான நாளில் வேண்டாம். உண்ணாமல் இருப்பதைவிட எதையாவது உண்பது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

2017இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வும் இந்த இடத்தில் பொருந்தும். மனச்சோர்வுள்ள 67 பேரில் ஒரு பிரிவினருக்கு உணவியல் நிபுணர் 12 வாரங்கள் வழிகாட்டி, காய்கறி, பழம், முழுத்தானியம், பருப்பு வகைகள், மீன், கொட்டைகள் ஆகியவற்றைக் கூட்டச் செய்தார். மற்றப் பிரிவினருக்குத் துணையாக ஒருவர் உரையாட மட்டும் செய்தார். முதல் பிரிவினருக்கே மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்தது. எடையைக் குறைப்பது அந்த ஆய்வின் நோக்கமாக இருக்கவில்லை. சிறிய ஆய்வுதான், மருந்துக்கு மாற்றாக இதைக் கொள்ளவும் கூடாது.

பசி திரும்பி, சில வாரங்கள் ஒழுங்காக உண்ண முடிந்தபின் எடையைப் பற்றி மருத்துவரோடு பேசலாம். அப்போதும் வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே போதும். மொத்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராகத் தொடங்கும் என்பதால், பெரிய எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 800 கலோரிக்கும் குறைவான உணவுத்திட்டங்கள் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே பின்பற்றத்தக்கவை; நீண்ட உண்ணாநோன்பும் உங்கள் இப்போதைய நிலைக்கு ஏற்றதன்று. கலோரி எண்ணும் செயலி குற்ற உணர்வைத்தான் கூட்டுகிறது என்றால் அதை நீக்கிவிடுங்கள். நடையை மட்டும் விட்டுவிட வேண்டாம். அது மனத்துக்கும் நல்லது. ஆனால் உண்ணாத நாளில் கடுமையான பயிற்சி கூடாது.

மாத்திரையைப் பற்றியும் கேட்டாக வேண்டும். ஃபுளூக்செட்டின் போன்ற சில மருந்துகள் தொடக்கத்தில் பசியைக் குறைக்கக்கூடும். மிர்டாசபின் போன்றவை கூட்டக்கூடும். உங்கள் பசி மாத்திரைக்கு முன்பே போனதா, பின்பு போனதா என்பதை மருத்துவரிடம் சொன்னால் அவர் மருந்தையோ அளவையோ மாற்றுவதற்கு அது உதவும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சீராக்கத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் உணவையும் நீரையும் உப்பையும் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறக்கூடும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தைராய்டு, இரத்தசோகை, பி12 ஆகியவற்றுக்கான சோதனைகள் செய்யப்படாமல் இருந்தால் அவற்றையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

தலைச்சுற்றல், மயக்கம், தண்ணீர்கூட இறங்காத நிலை ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஐந்து நாட்களுக்கு மேல் ஏறக்குறைய எதையும் உண்ணாதவர் திடீரென்று வயிறு நிறைய உண்பதும் ஆபத்தாகலாம். மருத்துவ மேற்பார்வையில் சிறிது சிறிதாகத் தொடங்க வேண்டும். உண்டதை வலிந்து வாந்தி எடுப்பதும் உணவைக் கண்டு அஞ்சுவதும் உண்டென்றால், தனியாகச் சிகிச்சை பெற வேண்டிய உணவுக் கோளாறு அது. வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் எழுந்தால் அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்காதீர்கள். அருகில் இருப்பவரிடம் சொல்லி அன்றே அவசர உதவியை நாடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு வயது 22. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறான். அவனோ எந்நேரமும் தின்றுகொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கிறான், எடை ஏறிவிட்டது. தின்பண்டங்களைப் பூட்டி வைக்கலாமா?
– ஒரு தாய்

பதில்: பூட்டாதீர்கள் அம்மா. பசியும் தூக்கமும் கூடும் வகை மனச்சோர்வும் உண்டு. மருந்தும் காரணமாக இருக்கலாம் என்பதால் எடை ஏறத் தொடங்கிய காலத்தை மருத்துவரிடம் தெரிவியுங்கள். பூட்டு, அவன் மறைந்து உண்பதற்கே வழி செய்யும். மூன்று வேளையும் நேரத்துக்கு உணவு வைத்து, ஒரு வேளையாவது அவனோடு அமர்ந்து உண்ணுங்கள். அப்போது உடம்பைப் பற்றியோ தட்டில் இருப்பதைப் பற்றியோ எதுவும் சொல்லாமல் வேறு ஏதாவது பேசுங்கள்.