இசை நாடகத்துக்கு ‘முழு உரிமைக் கடிதம்’: மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரு காலத்தில் ஒரே தோட்டத்து லயத்தில் வாழ்ந்து இப்போது வெவ்வேறு தாமான்களில் குடியிருக்கும் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பண்பாட்டு மன்றத்துக்கு நான் செயலாளர். அமெரிக்கப் பாடலாசிரியை கேரோல் கிங்கின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பியூட்டிஃபுல்’ என்ற இசை நாடகத்தைத் தமிழாக்கி, தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்காக இரண்டு நாள் மேடையேற்ற விரும்புகிறோம். டிக்கெட் விலை 20 வெள்ளி (ரிங்கிட்). தலைநகரிலிருந்து வரும் கலை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவர், 3,500 வெள்ளி கொடுத்தால் ‘முழு உரிமைக் கடிதம்’ வாங்கித் தருவதாகச் சொல்கிறார். 500 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா? பாடல்கள் எல்லாம் அறுபது ஆண்டுப் பழையவைதானே என்று சில உறுப்பினர்கள் கேட்கிறார்கள், அது சரியா?

பதில்: மீதி 3,000 வெள்ளியைக் கொடுக்காதீர்கள், சகோதரி. கொடுத்த 500 வெள்ளியை எப்படித் திரும்பக் கேட்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த மனிதரால் ஏன் அப்படி ஒரு கடிதத்தைத் தர முடியாது என்பதை உங்கள் செயற்குழுவிடம் நீங்கள் விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேறொருவர் வேறொரு கடிதத்தோடு வருவார்.

இசை நாடகம் என்பது ஒருவருடைய பெயரில் இருக்கும் ஒரே நிலம் போன்றதன்று. பல பங்காளிகள் உள்ள கூட்டுச் சொத்து. நீங்கள் குறிப்பிடும் நாடகம் நியூயார்க்கின் பிராட்வேயில், ஸ்டீபன் சோண்டைம் அரங்கில் 2014 ஜனவரி 12 அன்று முறையாகத் தொடங்கி, 2019 அக்டோபர் 27 வரை நடந்தது. அதன் கதை வசனத்தை எழுதியவர் டக்ளஸ் மெக்ராத். பாடல்கள் கேரோல் கிங்குக்கு மட்டும் உரியவை அல்ல. அவருடைய முன்னாள் கணவர் ஜெரி கோஃபின், நாடகத்தில் நண்பர்களாகவும் போட்டியாளர்களாகவும் வரும் பாரி மேன், சிந்தியா வைல் ஆகியோரின் பாடல்களும் அதில் உண்டு. வாத்தியக் குழுவுக்கான இசைக் கோர்ப்பைச் செய்தவர் இன்னொருவர். இத்தனை பேருடைய உரிமைகளையும் ஒன்றாகக் கட்டி, பிற குழுக்களுக்கு மேடையேற்ற அனுமதி வழங்கும் வேலையை மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க நிறுவனம் செய்கிறது. அந்த அனுமதி, நடத்தப்போகும் குழுவின் பெயர், அரங்கம், தேதி, இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் விலை ஆகியவற்றைக் குறிப்பிட்டே வழங்கப்படும். விண்ணப்பிப்பவர் நீங்களாகவே இருக்க வேண்டும். யாரோ ஒருவர் மொத்தமாக வாங்கி வைத்து, ஊர் ஊராகச் சென்று சில்லறையாக விற்பதற்கு அது மளிகைச் சரக்கு அன்று.

நம் தாத்தாக்களைக் கப்பலேற்றிய கங்காணிகளும், ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு நம் தோட்டப்புறத்தில் இன்னும் மதிப்பு குறையவில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. இத்தகைய ஏற்பாட்டாளர்கள் கொண்டுவரும் காகிதங்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவை பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும். முதலாவது, அவரே தம் நிறுவனத்தின் தலைப்புத் தாளில் அச்சிட்டு முத்திரை குத்திய ‘அனுமதி’. இது வெறும் தாள். இரண்டாவது, மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓ வழங்கிய பதிப்புரிமை அறிவிப்புச் சான்றிதழ். இது உண்மையான சான்றிதழாகவே இருக்கும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. நம் நாட்டில் பதிப்புரிமை, ஒரு படைப்பு எழுத்திலோ ஒலிப்பதிவிலோ உருப்பெற்ற உடனே தானாக வந்துவிடுகிறது. அதைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. விரும்பியவர்கள் தம் படைப்பைப் பற்றி அறிவிப்புச் செய்துகொள்ளும் முறை 2012-இல் வந்தது. அந்த மனிதர் தாமே எழுதிய ஒரு தமிழாக்கத்தை அறிவிப்புச் செய்து சான்றிதழ் பெற்றிருக்கலாம். அதனால் கேரோல் கிங்கின் பாட்டு அவருடையதாகிவிடாது.

மூன்றாவது வகைதான் படித்தவர்களையும் ஏமாற்றுகிறது. இசைப் படைப்பாளர்களின் உரிமைத் தொகையை வசூலிக்கும் அமைப்பான எம்ஏசிபியிடம் கட்டணம் கட்டி வாங்கிய உரிமம் அது. அமைப்பும் உண்மை, ரசீதும் உண்மை. ஆனால் அது வேறு காரியத்துக்கான ரசீது. தீபாவளிக் கலை இரவில் ஒரு பாடகி ஒலிவாங்கியின் முன் நின்று கேரோல் கிங்கின் பாடலொன்றைப் பாடினால் அந்த உரிமம் பொருந்தும். அதே பாடகி கேரோல் கிங்காக வேடமிட்டு, கணவன் வேறொரு பெண்ணை நாடிப் போனான் என்று அறிந்த காட்சியில் அதே பாடலைப் பாடினால், பாட்டு நாடகத்தின் உறுப்பாகிவிடுகிறது. நாடகமாக நிகழ்த்தும் உரிமையைப் பாடல் வெளியீட்டாளர்கள் பொதுவாக வசூல் அமைப்புகளிடம் ஒப்படைப்பதில்லை. தங்கள் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். ‘எம்ஏசிபிக்குக் கட்டியாகிவிட்டது’ என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், ‘கச்சேரிக்கா, நாடகத்துக்கா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

இதையெல்லாம் ஒரு சாதாரண மனிதர் எங்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று நீங்கள் கேட்டால், எனக்குக் கோபம்தான் வருகிறது. பாட்டை எழுதியவர்களுக்கு ஓர் அமைப்பு, ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கு இன்னொன்று, பதிவில் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் மற்றொன்று. ஒரு முறை உங்களைப் போன்ற ஒரு மன்றத்துக்காக நானே தொலைபேசியில் அழைத்தபோது, மூன்று முகப்புகளிலும் ‘இது எங்கள் பகுதி இல்லை’ என்ற பதில்தான் கிடைத்தது. யாருடைய பகுதி என்று எவரும் சொல்லவில்லை. தமிழில் ஒரு பக்க விளக்கத் தாள் கூட அவர்களிடம் இல்லை. சனி, ஞாயிறில் மட்டும் ஓய்வு கிடைக்கும் தொண்டர்கள் மன்றம் நடத்தும் ஊர்களில், இந்த அலைச்சலைத் தான் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறவன் கடவுளாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. இடைத்தரகர்களை வளர்ப்பது மக்களின் அறியாமை என்று மேடையில் பேசுகிறார்கள்; வளர்ப்பது அந்த முகப்புகள்தான் என்பது என் கருத்து.

‘பழைய பாட்டுதானே’ என்ற கேள்விக்கு வருகிறேன். பாட்டின் வயது இங்கே கணக்கில் வராது. எழுதியவரின் ஆயுள்தான் கணக்கு. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பாளரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டு முடிந்து மேலும் 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். இருவர் சேர்ந்து எழுதியது என்றால், கடைசியாக இறப்பவரின் கணக்கு. ஜெரி கோஃபின் 2014-இல் காலமானார். 1942-இல் பிறந்த கேரோல் கிங் உயிரோடு இருக்கிறார். ஆகவே, இருவரும் சேர்ந்து 1960-களில் எழுதிய பாடல்களுக்கு அந்த 50 ஆண்டுக் கடிகாரம் இன்னும் ஓடவே தொடங்கவில்லை.

இனி, உங்களுக்கு உதவக்கூடும் என்று நான் நினைக்கும் ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு வம்பில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மேற்சொன்ன சட்டத்தின் 13-ஆவது பிரிவு, இலாப நோக்கமற்ற ஒரு மன்றமோ நிறுவனமோ, அறக்கொடைக்காகவோ கல்விக்காகவோ, நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில் ஒரு படைப்பை நிகழ்த்தினால், உரிமையாளரின் தடை அதற்குப் பொருந்தாது என்கிறது. மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே இருக்க வேண்டும். உங்கள் மன்றம் சங்கப் பதிவிலாகாவில் பதியப்பட்டு, இலாபத்தை உறுப்பினர்களுக்குப் பங்கிடாதது என்றால் முதல் நிபந்தனை நிறைவேறுகிறது. பள்ளிக் கட்டட நிதி என்பது இரண்டாவதை நிறைவேற்றுகிறது. மூன்றாவதில்தான் உங்கள் 20 வெள்ளி டிக்கெட் குறுக்கே நிற்கிறது. நிதி நல்ல காரியத்துக்குப் போகிறதே என்று வாதாடிப் பயனில்லை. பணம் எங்கே போகிறது என்பது இரண்டாம் நிபந்தனையின் கேள்வி, வாசலில் பணம் வாங்கினீர்களா என்பதே மூன்றாவதன் கேள்வி.

அப்படியானால் டிக்கெட்டுக்குப் பதில் ‘நன்கொடைக் கூப்பன்’ அடிக்கலாமா என்று உடனே ஒருவர் எழுந்து கேட்பார். எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். கூப்பன் இல்லாதவரை வாசலில் நிறுத்துவீர்கள் என்றால், அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது நுழைவுக் கட்டணம்தான். இரவு உணவுக்கு 30 வெள்ளி, நாடகம் இலவசம் என்பதும் அதே தந்திரம், உணவு வாங்காதவருக்கு நாற்காலி கிடையாது என்றால். யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம், மண்டபத்தில் ஓர் உண்டியல் இருக்கிறது, போடுபவர் போடலாம், போடாதவரை எவரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை என்ற ஏற்பாடு தற்காப்புக்கு இடம் தரும். முன்வரிசை சோபாவை 500 வெள்ளி நன்கொடையாளருக்கு மட்டும் ஒதுக்கினால் அந்த இடமும் குறுகிவிடும்.

அதோடு முடியவில்லை. அந்த விதிவிலக்கு நிகழ்த்துவதற்கு மட்டுமே. ஆங்கில வசன நூலைத் தமிழாக்குவதும், முப்பது நடிகர்களுக்கும் படியெடுத்துக் கொடுப்பதும், ஒத்திகையைப் பதிவு செய்து முகநூலில் ஏற்றுவதும் வேறு வேறு செயல்கள். அவற்றுக்கு அது குடை பிடிக்காது. பாடலைத் தமிழாக்கும்போது அதன் கருத்தை, எழுதியவரின் பெயருக்குக் குறை வரும்படி திரிப்பதைத் தடுக்கும் தார்மீக உரிமையும் படைப்பாளருக்குத் தனியாக உண்டு. ஆகவே அந்த அமெரிக்க நாடகத்தைத் தமிழில் நடத்தவே வேண்டும் என்றால், டிக்கெட் உண்டோ இல்லையோ, உரிம நிறுவனத்துக்கு நேரடியாக எழுதி, மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து அனுமதி கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர்கள் மறுக்கலாம், மறுத்தால் அத்துடன் விட்டுவிட வேண்டும். மீறினால், நீதிமன்றம் ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரையும், மொத்தமாக 500,000 வெள்ளி வரையும் சட்டப்படியான இழப்பீடு விதிக்க இடமுண்டு. வழக்கு முதலில் தேடி வருவது மேடையேற்றிய உங்கள் மன்றத்தை. கடிதம் விற்றவரின் கைப்பேசி எண் அதற்குள் மாறியிருக்கும்.

என் யோசனை வேறு. ஒரு மனிதர் வாழ்ந்த வாழ்க்கையின் உண்மைச் செய்திகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. பாடலாசிரியர் ஒருவரின் வாழ்க்கைதான் உங்களுக்கு வேண்டும் என்றால், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-இல் பிறந்து 1959-இல், முப்பது வயது நிறைவதற்குள் மறைந்தவர், உழைப்பவரைப் பாடியவர், பால்மரக் காட்டில் பிறந்த உங்கள் மன்றத்துப் பெரியவர்களுக்கு அவரை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதே இல்லை. அவர் வாழ்நாளில் வெளிவந்த பாடல் வரிகளுக்கு மலேசியாவில் உரிமைக் காலம் 2009 இறுதியோடு முடிந்தது. ஆனால் வரிதான் விடுதலையானது, மெட்டு அன்று. விஸ்வநாதன்–ராமமூர்த்தி சேர்ந்து அமைத்த மெட்டென்றால், விஸ்வநாதன் காலமான 2015-லிருந்து கணக்கிட்டு 2065 இறுதி வரை உரிமை நிற்கும். எனவே வரிகளை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் இசையமைப்பாளரைக் கொண்டு புதிய மெட்டுப் போடுங்கள். யூடியூபிலிருந்து இறக்கிய, பாடகர் குரல் நீக்கிய ‘மைனஸ் ஒன்’ இசைத்தடத்தை ஓடவிட்டுப் பாடாதீர்கள். வாழ்க்கைச் செய்திகளைப் பல நூல்களிலிருந்து திரட்டலாம், எந்த நூலின் வாக்கியத்தையும் அப்படியே பேசவைக்கக் கூடாது. கண்ணதாசன் வேண்டும் என்று கேட்பவர்களிடம், அவர் 1981-இல் மறைந்தார், 2031 முடியும் வரை அவருடைய வரிகளுக்கும் அனுமதி தேவை என்று சொல்லிவிடுங்கள். இந்த வழியில் சென்றால் 20 வெள்ளி டிக்கெட்டையும் நீங்கள் கைவிட வேண்டியதில்லை.

நகராண்மைக் கழகத்தின் கேளிக்கை உரிமமும் காவல் துறையின் ஒப்புதலும் தனி விவகாரங்கள். அவை கிடைத்ததால் பதிப்புரிமை கிடைத்ததாக ஆகாது. முன்கூட்டியே அவற்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

அந்த 500 வெள்ளிக்கு, மன்றத்தின் தலைப்புத் தாளில் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த உரிமையாளர் சார்பில், எந்த நாடகத்துக்கு, எந்தத் தேதிகளுக்கு அனுமதி தர அவருக்கு அதிகாரம் உண்டு என்பதைக் காட்டும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஆவணத்தைப் பதினான்கு நாளில் அனுப்பும்படியும், இல்லையேல் முன்பணத்தைத் திருப்பித் தரும்படியும் கேளுங்கள். பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, இதுவரை அவர் அனுப்பிய குரல் பதிவுகள் உட்பட எதையும் அழிக்காமல் வையுங்கள். பதினைந்தாம் நாள் பதில் வராவிட்டால், வங்கிப் பரிமாற்றச் சீட்டோடு சுங்கை சிப்புட் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். நேரில் வந்து பேசித் தீர்ப்பதாக அவர் சொன்னால், தனியாகப் போகாதீர்கள். பொருளாளரையும் அழைத்துச் செல்லுங்கள்.