மரைன் எஞ்சினியரிங் படிக்கப் போகிறவர் முதலில் எதை விளங்கிக்கொள்ள வேண்டும்?

உயர்தரத்தில் கணிதப் பிரிவு முடித்துவிட்டேன், மரைன் எஞ்சினியரிங் வகுப்பு தொடங்குமுன் எந்த அடிப்படைகளைப் பார்த்து வைக்கலாம் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கப்பலில் செகண்ட் எஞ்சினியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி, எஞ்சினின் பாகங்களை மனப்பாடம் செய்யத் தொடங்காதீர்கள். எரிபொருளின் வெப்பம் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். எஞ்சின் அறையின் பெரும்பகுதி அதிலேயே பிடிபட்டுவிடும்.

பெரிய சரக்குக் கப்பல்களில் பிரதான எஞ்சின் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் டீசல், அதாவது பிஸ்டன் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஒரு தடவை எரிபொருள் எரியும் வகை. நிமிடத்துக்கு 100 சுற்று அளவில்தான் ஓடும், கியர் பெட்டி கிடையாது. பின்னால் போக வேண்டுமென்றால் எஞ்சினையே நிறுத்தி எதிர்ப்பக்கம் சுற்ற வைப்போம். எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய பாதிதான் ப்ரொப்பெல்லர் தண்டுக்குப் போகும். மீதியில் முடிந்ததைப் பிடித்துக்கொள்ளத்தான் அத்தனை குழாய்கள்.

எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான புகை முதலில், எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போசார்ஜரைச் சுழற்றும். பிறகு பொயிலருக்குள் போய் நீராவி தரும். கனமான கப்பல் எண்ணெய் சாதாரண வெப்பநிலையில் தார் போல இறுகிக் கிடக்கும். தாங்கியிலேயே நீராவியால் சூடாக்கினால்தான் பம்ப் இழுக்கும். பியூரிஃபையரில் நீரையும் கசடையும் பிரித்து, 130 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால்தான் சிலிண்டருக்குள் எண்ணெயைப் பீச்சும் இன்ஜெக்டரில் நுண்துளியாகச் சிதறி ஒழுங்காக எரியும். கந்தகம் 0.50 வீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2020இல் வந்த பிறகு எண்ணெய் வகைகள் கூடிவிட்டன. எந்த எண்ணெய்க்கு எவ்வளவு சூடு என்பதை அதன் பிசுக்குமையை, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் தடிப்பைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம். சிலிண்டர்களைக் குளிர்வித்து வரும் ஜெக்கெட் வாட்டர் 80 பாகை அளவில்தான் இருக்கும். அந்தச் சூட்டில் கடல்நீர் எப்படிக் கொதிக்கும்? அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்று பௌதிகவியலில் படித்திருப்பீர்கள். வேகமாகப் பாயும் நீரால் காற்றை இழுக்கும் எஜெக்டர், இயந்திரத்தின் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச, அமுக்கம் வளிமண்டலத்தின் பத்திலொன்றாக இறங்கும். நீர் 46 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பார்வைக் கண்ணாடிக்குள் நீர் கொதித்துக் குதிப்பது தெரியும், வெளிக்கூட்டில் கை வைத்தால் பொறுக்கக்கூடிய சூடுதான். ஆனால் அந்த வெப்பநிலையில் கிருமிகள் சாகாது. ஆகவே கழிவு கலக்கும் கரையோரத்தில் இதை ஓட்டமாட்டோம், கொழும்பை நெருங்குமுன்பே நிறுத்திவிடுவோம். குடிப்பதற்கு முன் கிருமிநீக்கமும் கட்டாயம்.

மிதப்பு விதி உங்களுக்குத் தெரிந்ததே. 1 கன மீற்றர் கடல்நீர் ஏறக்குறைய 1.025 தொன் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி நிரம்பிய தாங்கியில் எண்ணெய் அங்குமிங்கும் ஓடுவதால் கப்பலின் சமநிலை ஏன் குறைகிறது என்றும் யோசியுங்கள். எண்ணெயை மாற்றும் வால்வுகள் எங்கள் கையில் இருப்பதால், மேல்தளத்து அதிகாரிகளின் பாடம் என்று இதை விட்டுவிட முடியாது.

காலி முகத்திடலுக்குப் போனால், தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் கவனியுங்கள். பிரதான எஞ்சின் நின்றிருந்தாலும் சிலவற்றின் புகைபோக்கியில் மெல்லிய புகை தெரியும். மின்பிறப்பாக்கிகள் ஓடிக்கொண்டிருக்கும். பிரதான எஞ்சினின் புகைவெப்பம் இல்லாததால், எண்ணெய் இறுகாமலிருக்கத் தனியாக எண்ணெய் எரித்தே பொயிலரை ஓட்டுவார்கள். இந்தச் சுற்று முழுவதையும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். எங்கே தடைப்படுகிறதோ அதைக் கேளுங்கள், எழுதுகிறேன்.