மீன் தொட்டிக்கு எந்தத் தண்ணி?

கேள்வி: வீட்டு முன்னால் 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழத்தில் அல்லித் தொட்டி கட்டி கோல்டு ஃபிஷ் விட்டிருக்கிறோம். வெயிலில் வற்றினால் சிறுவாணித் தண்ணியை ஹோஸ் போட்டு நிரப்புகிறோம். நிரப்பிய கையோடு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, இரண்டு செத்தும்விட்டன. போர் தண்ணியின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,400. எதைத்தானுங்க ஊற்றுவது?
— வாசகி, வடவள்ளி

பதில்: நல்ல தண்ணியே ஊற்றுங்கள், நேரே குழாயிலிருந்து வேண்டாம். நிரப்பியதும் திணறினால் குளோரின்தான் காரணம். (நிரப்பாத நாளிலும் விடியற்காலையில் திணறினால் அது ஆக்சிஜன் குறைவு.) குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அதில் பத்தில் ஒரு பங்கே மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும்.

உங்கள் தொட்டி சுமார் 2,260 லிட்டர் பிடிக்கும். ஓர் அங்குலம் வற்றினால் 94 லிட்டர் குறையும். 200 லிட்டர் டிரம்மில் முந்தின நாளே பிடித்து, மூடாமல், ஏர் பம்ப் ஓடவிட்டு 24 மணி நேரம் வையுங்கள். பம்ப் இல்லையென்றால் இரண்டு நாள். அவசரமென்றால் டிரம்முக்கு 2 கிராம் ஹைப்போ போட்டுக் கலக்குங்கள். அந்தக் காலத்தில் போட்டோ கழுவிய அதே சரக்குதான், வண்ணமீன் கடையில் கிடைக்கும். பிளீச்சிங் வாடை தூக்கலாக வரும் நாளில் தண்ணீரே பிடிக்காதீர்கள். மாடி டேங்கின் மத்தியானச் சூட்டுத் தண்ணியும் ஆகாது.

இனி உப்புத் தண்ணி. வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். மாதம் 8 அங்குலம் வற்றி, அத்தனையையும் போர் தண்ணியால் ஈடுகட்டினால் டிடிஎஸ் மாதத்துக்கு 450 போலக் கூடும். ஓரத்தில் வெள்ளை படிவது அதனால்தான். அதற்காக அதை ஒதுக்கவும் வேண்டாம். சிறுவாணித் தண்ணி ரொம்ப மென்மை, கரைந்த உப்பு குறைவு. அதனால் பாசி பிடித்த தொட்டியில் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) காலைக்கும் மாலைக்கும் ஏறி இறங்கும். டிரம்மில் 40 லிட்டர் போர் தண்ணி கலந்தால் அந்த ஆட்டம் அடங்கும். கலப்பதற்குப் போர் இல்லாதவர்கள் 1,000 லிட்டருக்கு 30 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றலாம். நொய்யலோரம் சாயத் தண்ணி இறங்கிய போரென்றால் ஒரு சொட்டும் வேண்டாம்.

வாரம் 200 லிட்டரை மொண்டு வாழைக்கு ஊற்றிவிட்டுப் பிறகு நிரப்புங்கள். வெறுமனே நிரப்பிக்கொண்டே போனால் எந்தத் தண்ணியானாலும் உப்பு ஏறும்.

கேள்வி: ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணியை மீன் தொட்டிக்கு விடலாமா?
— வாசகர், பெருந்துறை

பதில்: கூடாது. உள்ளே போன தண்ணியைவிட அதில் உப்பு அதிகம். வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள்.