குழாய் நிற்கும்போதும் திரும்ப வரும்போதும்: வடசென்னைக்காரர்கள் கேட்டவை

குடிநீர் வாரியப் பணிமனைகளில் குழாய், வால்வு வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் வடசென்னைவாசிகள் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்.

எர்ணாவூர்: காட்டுப்பள்ளியில் பராமரிப்பு வேலையாம், இரண்டு நாள் தண்ணீர் வராது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அடையாறில் இருக்கும் என் தங்கை வீட்டில் மட்டும் எப்படி சார் வருகிறது?

உங்கள் குழாயில் வருவது கடல் தண்ணீர் அம்மா, அதனால்தான். மீஞ்சூர் நிலையம் என்று நாம் சொல்வது காட்டுப்பள்ளியில் இருக்கிறது. 2010 முதல் ஓடுகிறது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறன் கொண்டது. மணலி, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், மாதவரம் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. தெற்கே நெம்மேலி கடல்நீர் நிலையம், வீராணம் ஏரியிலிருந்து வரும் குழாய் என்று வேறு வழிகள் உண்டு. எங்கே வேலை நடக்கிறது என்று தெரிந்தாலே யார் வீட்டில் நிற்கும் என்று சொல்லிவிடலாம்.

தேதியும் பகுதியும் சொல்லி நிறுத்துவதை நான் குறை சொல்லமாட்டேன். முதல் நாளே பிடித்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த கேள்வியில் வருவதுதான் தலைவலி.

பழைய வண்ணாரப்பேட்டை: ராத்திரியில் குழாய் வெடித்து, ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்று தெருவுக்குத் தண்ணீரை மூடிவிட்டார்கள். ஒரு உடைப்பை அடைக்க ஏன் ஐயா இவ்வளவு நேரம்?

பெரிய உடைப்பு என்றால் முதலில் மூடு, அப்புறம் சொல் என்பதுதான் எங்கள் நடைமுறை. தண்ணீர் அடிமண்ணை அரித்துவிட்டால் ரோடு உள்வாங்கும், மேலே போகிற லாரியும் அதோடு இறங்கும். அந்த நேரத்தில் யாரும் அறிவிப்பு எழுதிக்கொண்டிருக்க முடியாது.

அடைப்பதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். தேடுவதில்தான் விடிந்துவிடும். உடைப்புக்கு இரு பக்கமும் வால்வை மூடவேண்டும். அந்த வால்வின் மூடியோ, ரோடு போட்டபோது தாருக்கு அடியில் போயிருக்கும். கடப்பாரையால் தட்டிக்கொண்டே வந்து, இரும்புச் சத்தம் கேட்கிற இடத்தைக் கொத்தி எடுப்போம். நீளமான கீயை உள்ளே இறக்கி இரண்டு பேர் சுற்றுவார்கள், ஒருவர் சுற்றை எண்ணுவார். எண்ணிக்கை வருவதற்கு முன்பே இறுகிவிட்டால் உள்ளே துரு பிடித்திருக்கிறது, முழுசாக மூடவில்லை என்று அர்த்தம். விட்டுவிட்டு அடுத்த வால்வைத் தேட வேண்டியதுதான். உங்கள் ஒரு தெருவின் உடைப்புக்கு மூன்று தெரு நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

தண்ணீர் பொங்குகிற இடத்திலேயே உடைப்பு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பத்தடி தள்ளி வந்து எட்டிப் பார்க்கும். ராத்திரி ரோட்டில் சத்தம் அடங்கிய பிறகு ஒரு இரும்புக் கம்பியைக் குழாய்மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்போம். கசிவு பக்கத்தில் இருந்தால் ‘உஸ்’ என்று வரும். இப்போது அதற்குக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் நல்ல காது உள்ள ஆளுக்குப் பணிமனையில் தனி மரியாதைதான்.

குழாயின் வயதையும் பாருங்கள். கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் 1914-இல் வந்தது. அந்தக் காலத்து ரகமான வார்ப்பிரும்புக் குழாய்கள், ஈயத்தை உருக்கி ஊற்றி இணைத்தவை, நம் பக்கத்து மண்ணுக்குள் இன்னும் கிடக்கின்றன. மேலே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். தாங்கினவரை லாபம்.

வேலை முடிந்தது என்று சொன்ன பிறகும் தண்ணீர் வரவில்லையே என்று சண்டைக்கு வருவார்கள். வால்வைப் படக்கென்று திறந்தால் அந்த அடியிலேயே குழாய் வேறொரு இடத்தில் உடையும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்கவேண்டும், உள்ளே இருக்கிற காற்று வெளியே போகவேண்டும். கடைசித் தெருவுக்குக் கடைசியில்தான் வரும்.

கொருக்குப்பேட்டை: தண்ணீர் திரும்ப வந்தபோது கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு வந்தது. சம்ப் (தரைக்கடித் தொட்டி) முழுக்க அதுதான் நிற்கிறது. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா அண்ணே?

குடிக்காதே தம்பி. இதை எல்லோருமே கேட்டிருக்க வேண்டும்.

குழாயில் அழுத்தம் இருக்கிறவரை ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். வால்வை மூடினதும் குழாய் காலியாகிறது. அப்போது அதே ஓட்டை, வெளியே தேங்கி நிற்பதை உள்ளே இழுக்கும். நம் பக்கத்துக் குறுகலான தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கின்றன. என்ன இழுக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. தண்ணீர் நின்ற நாளில் நமக்குக் கஷ்டம். நோய் வருவது, திரும்ப வந்த முதல் தண்ணீரில்.

அதனால் எப்போது தண்ணீர் நின்றாலும் சம்ப்புக்குள் போகிற வால்வை மூடிவிடு. திரும்ப வந்ததும் ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடி. நிறம் பார், மோந்து பார். தெளிந்த பிறகு திற. மண் நிறமாக வந்து சற்று நேரத்தில் தெளிந்தால் அது பெரும்பாலும் துரு. நாற்றம் அடித்தால் கழிவுநீர் கலந்திருக்கிறது. உடனே குடிநீர் வாரியத்தின் 044-4567 4567 அல்லது 1916-க்குச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள். பக்கத்து வீடுகளிலும் சொல்லச் சொல். ஒரு வீட்டில் மட்டும் என்றால் அந்த வீட்டு இணைப்பில் கோளாறு, வரிசையாக என்றால் தெருக் குழாயில் கோளாறு. எங்கே தோண்டுவது என்று முடிவு செய்ய எங்களுக்கு அது பெரிய உதவி.

இப்போது சம்ப்பில் நிற்பதை முழுசாக இறைத்துவிடு. சுவரைத் தேய்த்துக் கழுவு. ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு அதன்மேல் பிளீச்சிங் பவுடர் போடாதே, அந்தப் புகை ஆளையே சாய்த்துவிடும். நல்ல தண்ணீர் நிரப்பிய பின் 1000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது சுமார் அரை டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர். பக்கெட்டில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடு. அப்புறமும் சில நாள் குடிப்பதற்குக் கொதிக்க வைப்பது நல்லது. கொதி கிருமியைக் கொல்லும், ஆனால் கறுப்புத் தண்ணீரை நல்ல தண்ணீர் ஆக்காது.

காசிமேடு: பக்கத்து வீட்டுக்காரர் குழாயிலேயே நேரடியாக மோட்டார் போட்டு இழுக்கிறார். தப்பா?

தப்பு, சட்டப்படியும். உறிஞ்சுகுழல் போட்ட மாதிரி உங்கள் பங்கை அவர் குடிக்கிறார், ஓட்டையைச் சுற்றியிருக்கும் சாக்கடையையும் சேர்த்து. முதலில் அவருடைய சம்ப்புக்கே அது போகும் என்று எடுத்துச் சொல்லுங்கள், சிலர் அதற்கே வழிக்கு வருவார்கள். இல்லையென்றால் பணிமனையில் சொல்லுங்கள், மோட்டாரைப் பறிமுதல் செய்ய அவர்களால் முடியும்.

ராயபுரம்: தண்ணீர் சோதிக்க வந்திருக்கிறோம் என்று இருவர் வந்தார்கள். குப்பியில் ஏதோ விட்டதும் தண்ணீர் மஞ்சளானது. “பாருங்கம்மா, எவ்வளவு அழுக்கு” என்று சொல்லி ஃபில்டர் விற்கப் பார்த்தார்கள்.

நல்ல வேளை, வாங்கவில்லையே! அந்த மஞ்சள் அழுக்கு இல்லை அம்மா, குளோரின். குளோரின் இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதும் அப்படித்தான். ஒரு லிட்டரில் 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மஞ்சள் வராவிட்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். உண்மையான வாரிய ஆள் என்றால் அடையாள அட்டை காட்டுவார், சோதனைக்குத் தண்ணீர் எடுப்பார், போய்விடுவார். காசு கேட்கமாட்டார், எதையும் விற்கமாட்டார். சந்தேகம் வந்தால் ஆளை வாசலிலேயே நிறுத்திவிட்டு பணிமனைக்கு போன் போடுங்கள்.

வியாசர்பாடி: நிறுத்தம் என்றால் லாரி அனுப்புவார்கள் என்கிறார்களே, எங்கள் சந்துக்குள் லாரியே நுழையாதே?

நுழையாது, சரிதான். அதற்குத்தான் தெருமுனையில் கறுப்புத் தொட்டி வைக்கிறார்கள். தொட்டி இல்லாத சந்து என்றால் நிற்கும் நாளன்று கேட்டுப் பயனில்லை. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை பகுதி அலுவலகங்களில் குறைகேட்புக் கூட்டம் நடக்கும். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய் எழுதிக் கொடுங்கள். தனியாக போனில் கேட்பதைவிட அது எடுபடும். காசு கட்டிப் பதிவு செய்கிற லாரி வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெரம்பூர்: உடைப்பு என்று தெரிந்தால், ஆள் வருவதற்குள் தெரு வால்வை நாங்களே மூடிவிடலாமா?

வேண்டாம் சார். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று தெரியாமல் சுற்றினால் ஆஸ்பத்திரிக்குப் போகிற தண்ணீரும் நிற்கலாம், ஸ்பிண்டில், அதாவது வால்வைத் திருப்பும் தண்டு, முறிந்தால் அதுவே இரண்டாவது வேலை. உடைப்பைச் சுற்றிக் கல்லோ மரக்கிளையோ வையுங்கள், வண்டிகளைத் திருப்பிவிடுங்கள், மின்கம்பமோ பில்லர் பெட்டியோ பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கும் சொல்லுங்கள், எண் 94987 94987. வால்வு மூடி தாருக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று உங்கள் தெருப் பெரியவர் யாருக்காவது நினைவிருந்தால், அவரை எழுப்பி வந்து நிற்க வையுங்கள். எங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.